மைன்ஸ்வீப்பர் எக்ஸ்பர்ட்: தோற்பது அதிர்ஷ்டத்தாலா, அவசரத்தாலா?

ஜூன் 3, இரவு 9:50 (ஒரு வாசகரின் கேள்வி)

பள்ளி நாட்களில் ஆடிய மைன்ஸ்வீப்பரை 15 ஆண்டு கழித்துத் திரும்ப எடுத்தேன். மூடிய கட்டங்களில் ஒளிந்திருக்கும் கண்ணிகளைத் தொடாமல் மற்றவற்றையெல்லாம் திறக்க வேண்டிய அதே கணினி விளையாட்டுதான்; திறந்த கட்டத்தில் வரும் எண், அதைச் சுற்றி எத்தனை கண்ணி என்று சொல்லும். பிகினர், இன்டர்மீடியட் என்ற முதல் இரண்டு நிலைகளிலும் பிரச்சினை இல்லை. எக்ஸ்பர்ட்டில் 30 ஆட்டம் ஆடியும் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சுகிறது. எதில் கண்ணி என்று சொல்ல வழியே இருக்காது. ஒன்றைத் தொட்டால் வெடிக்கும். எக்ஸ்பர்ட் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 3, இரவு 11:25

மறுக்கப் போவதில்லை. நானும் உங்கள் கட்சி.

எனக்கு இடைவெளி 17 ஆண்டு. ஏப்ரலில்தான் திரும்பி வந்தேன். மகள் பிறந்து மூன்று மாதம். மார்பில் போட்டுத் தட்டினால்தான் தூங்குவாள், இறக்கி வைத்தால் விழித்துக்கொள்வாள். ஒரு கை அவள் முதுகில், இன்னொரு கையில் போன். புத்தகம் பிடிக்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. சத்தமே இல்லாத, ஒரு கட்டை விரலால் ஆடக்கூடிய, எந்த நொடியிலும் நிறுத்தக்கூடிய விளையாட்டு தேவைப்பட்டது. அப்போது நினைவுக்கு வந்தது இந்தச் சாம்பல் பலகைதான்.

எக்ஸ்பர்ட் பலகை 30க்கு 16, மொத்தம் 480 கட்டம். அதில் 99 கண்ணி. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. பிகினரில் 81 கட்டத்துக்கு 10தான், எட்டில் ஒன்று. இந்த வித்தியாசம் எண்ணில் சின்னதாகத் தெரிந்தாலும் பலகையில் நெருக்குகிறது. பிகினரில் ஒரு தொடுதலில் பாதி திறந்துகொள்ளும். எக்ஸ்பர்ட்டில் எங்கு பார்த்தாலும் 3, 4 என்று நிற்கும்.

இப்போது சற்று முன்தான் ஒரு ஆட்டம் போனது. 379 கட்டம் திறந்துவிட்டேன், 2தான் பாக்கி. வலது கீழ் மூலையில் வெடித்தது. இந்தக் கோபத்தோடு எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 6:10

நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு கட்சி சேர்ந்திருக்கிறேன். கடைசி மூலையில் தோற்றது மட்டும் மனதில் நிற்கிறது. அதற்கு முன் ஆடிய 20 ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

இனி 50 ஆட்டம் கணக்கு வைக்கப் போகிறேன். ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் எழுதுவேன். அதற்குப் பிறகு பேசலாம்.

ஜூன் 9, இரவு 10:40

50 ஆட்டம் முடிந்தது. வென்றது 2. தோற்றது 48. காரணங்கள் இவை.

முதல் திறப்பு (ஒரே தொடுதலில் பல கட்டம் சேர்ந்து திறந்துகொள்வது) கிடைக்கும் முன்பே, சும்மா அங்குமிங்கும் தொட்டு வெடித்தது 13. எந்த வழியும் இல்லாமல் ஊகித்துத் தோற்றது 9. விரல் தவறிப் பக்கத்துக் கட்டத்தில் பட்டதும், இங்கே கண்ணி என்று குறிக்கும் கொடியை வைக்க அழுத்தியது கட்டத்தைத் திறந்துவிட்டதும் சேர்ந்து 9. மீதி 17 ஆட்டத்தில் வேறு எங்கோ உறுதியாகப் பாதுகாப்பான கட்டம் ஒன்று இருந்தது. நான் பார்க்கவில்லை, அல்லது எண்ணைத் தப்பாகக் கூட்டினேன்.

17 என்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெடித்த பின்னும் திறந்த எண்கள் அப்படியே இருக்கின்றன. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் நிதானமாகப் பார்த்தேன். இரவில் "வழியே இல்லை" என்று தோன்றிய பலகையில் காலையில் பார்த்தால் மூன்று இடத்தில் வழி இருக்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: நான் கட்சி மாறுகிறேன். 48இல் 26 தோல்வி என் கையால், என் கண்ணால் வந்தவை.

ஜூன் 9, இரவு 11:05

ஒன்று விட்டுப்போனது. அந்த 17இல் பெரும்பாலானவை ஆட்டத்தின் நடுவில் வந்தவை. இடது பக்கம் தேங்கி நிற்கும்போது வலது பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. கண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஜூன் 11, இரவு 1:15

முதல் 13 தோல்வியைப் பற்றி யோசித்தேன். நான் எப்போதும் முதல் தொடுதலை நடுவில்தான் வைப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நடுவில் திறந்தால் பெரிதாகத் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை.

கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. விண்டோஸின் பழைய மைன்ஸ்வீப்பரிலும் நான் ஆடும் போன் பதிப்பிலும் முதல் தொடுதல் வெடிக்காது. பழைய விண்டோஸில் அங்கே கண்ணி இருந்தால் அதை எடுத்து இடது மேல் மூலைப் பக்கம் வைத்துவிடும். ஆனால் வெடிக்காது என்பதற்கும் திறந்துகொடுக்கும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. திறக்க வேண்டுமானால் சுற்றியுள்ள எல்லாக் கட்டமும் காலியாக இருக்க வேண்டும். நடுக் கட்டத்துக்கு அண்டை 8, ஓரத்துக்கு 5, மூலைக்கு 3தான். ஐந்தில் ஒன்று கண்ணி என்ற அடர்த்தியில், நடுவில் திறப்பு கிடைக்கும் வாய்ப்பு 100க்கு சுமார் 16, ஓரத்தில் 31, மூலையில் 50.

மூலைத் திறப்பு சிறியதாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டில் ஒரு முறை கிடைக்கிறது. நடுவில் ஆறில் ஒரு முறை. 17 ஆண்டுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

சில புதிய பதிப்புகள் முதல் தொடுதலிலேயே திறப்பைத் தந்துவிடும். அவற்றில் இந்தக் கணக்குக்கு வேலையில்லை.

ஜூன் 14, மாலை 5:30

அக்கா வந்திருக்கிறாள். இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அப்பாவின் கணினியில் விண்டோஸ் 98. அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தன் நேரங்களை எழுதி வைப்பாள். எக்ஸ்பர்ட்டில் அவளுடைய சிறந்த நேரம் 187 நொடி. அந்த எண் எனக்கு இன்னும் மனப்பாடம், ஏனென்றால் அன்று வீட்டில் நான் அழுதேன்.

நேற்று மகளை அவள் மடியில் கொடுத்துவிட்டு நான் ஆடினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நான் ஊகிக்கப் போனேன்.

"ஏண்டி, நில்லு. அந்த 3ஐப் பாத்தியா?"

பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"அதுக்குப் பக்கத்துல ஒண்ணு கண்டுபிடிச்சுட்டல்ல? அப்ப அது 3 இல்ல, 2. ரெண்டு பக்கத்துல இருக்கிற 2லயும் ஒண்ணு கழிச்சிடு. இப்ப என்னன்னு படி."

1-2-1. பலகையில் 2-3-2 என்று இருந்தது. கழித்தால் 1-2-1. அது என்றால் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மூடிய கட்டங்கள் நேர்ச் சுவராக நிற்கும் இடத்தில் 1-2-1 என்று வந்தால் கண்ணிகள் இரண்டு 1க்கும் நேர் எதிரே, 2க்கு எதிரே இருப்பது காலி. 1-2-2-1 என்றால் கண்ணிகள் இரண்டு 2க்கும் எதிரே. இதெல்லாம் தெரிந்துதான் திரும்பி வந்தேன். ஆனால் 1-2-1 என்று நேராக எழுதியிருந்தால்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. 2-3-2 வேடத்தில் வந்தால் தெரியவில்லை. அக்காவுக்கு எண்கள் முதல் பார்வையிலேயே கழிந்துவிடுகின்றன. அவள் பார்ப்பது பாக்கி எண்ணை மட்டும்தான்.

இன்னொன்றும் சொன்னாள். ஓரத்திலிருந்து 1-1 என்று தொடங்கினால், ஓரத்திலிருந்து மூன்றாவது கட்டம் காலி. முதல் 1 தொடுவது இரண்டு கட்டத்தை, அதற்குள் ஒரு கண்ணி. இரண்டாவது 1 அந்த இரண்டையும் தொட்டு மூன்றாவதையும் தொடுகிறது. அதன் ஒரு கண்ணி முதல் இரண்டிலேயே முடிந்துவிட்டது. 1-2 என்று வந்தால் அதே கணக்கில் மூன்றாவது கட்டம் கண்ணி. இதுவும் எனக்குத் தெரியும். ஆனால் "ஓரம்" என்றால் பலகையின் விளிம்பு என்று மட்டும் நினைத்திருந்தேன். "தொறந்து முடிச்ச கட்டமும் ஓரந்தாண்டி" என்றாள். ஒரே வாக்கியம். அதற்குப் பிறகு பலகை முழுக்க ஓரமாகத் தெரிகிறது.

ஜூன் 9 குறிப்பில் 17 என்று எழுதியிருந்தேன். அந்தப் படங்களை அவளிடம் காட்டினேன். "வழியில்லை" என்று நான் வைத்திருந்த 9இல் இருந்தும் ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் போட்டாள். ஆகவே 18, 8.

ஜூன் 15, காலை 7:00

அக்காவிடம் கேட்டேன், இந்த விளையாட்டில் 8 பார்த்திருக்கிறாயா என்று. அவள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. 7 ஒரே ஒரு முறை, கறுப்பு நிறத்தில். 1 நீலம், 2 பச்சை, 3 சிவப்பு என்று உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. இப்போதும் சாலையில் பச்சை எழுத்தைப் பார்த்தால் "இரண்டு" என்று மனம் சொல்கிறது.

அப்புறம் பழைய ஏமாற்று வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆட்டத்தைத் திறந்து எக்ஸ் ஒய் இசட் இசட் ஒய் என்று தட்டச்சு செய்து, ஷிஃப்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், திரையின் இடது மேல் மூலையில் ஒரே ஒரு புள்ளி கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறும். கணினி எலி (மவுஸ்) நிற்கும் கட்டத்தில் கண்ணியா இல்லையா என்று அது காட்டிக்கொடுக்கும். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "அப்ப அந்த 187?" என்றேன். மகளைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "புள்ளியப் பாத்துக்கிட்டே ஆடினா 187ல முடிக்க முடியுமாடி?"

நியாயம்தான். கண்ணை மூலைக்கும் கட்டத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த வேகம் வராது.

ஜூன் 19, இரவு 12:50

இன்றைக்கு எழுதுவது எனக்கு முக்கியமான விஷயம். பாதிக்குப் பாதி என்று நான் நினைத்த பல இடங்கள் பாதிக்குப் பாதியே இல்லை.

மூன்று மூடிய கட்டம் வரிசையாக: அ, ஆ, இ. ஒரு 1 அ, ஆ இரண்டை மட்டும் தொடுகிறது. இன்னொரு 1 ஆ, இ இரண்டை மட்டும் தொடுகிறது. இரண்டே வழிதான். ஆ-வில் ஒரே கண்ணி இருந்து இரண்டு 1க்கும் அதுவே போதுமானதாக இருக்கலாம். இல்லாவிட்டால் அ-வில் ஒன்று, இ-யில் ஒன்று. இரண்டு வழி, ஆகவே பாதிக்குப் பாதி என்று இவ்வளவு நாள் நினைத்தேன்.

இல்லை. முதல் வழியில் ஒரு கண்ணி செலவு, இரண்டாவதில் இரண்டு. ஒன்று குறைவாகச் செலவானால் பலகையின் மற்ற இடத்தில் ஒன்று கூடுதலாக வைக்க வேண்டும். அதை வைக்க எத்தனையோ இடம் இருக்கிறது. எக்ஸ்பர்ட்டில் ஒரு கண்ணிக்குக் கிட்டத்தட்ட 4 காலிக் கட்டம் என்பதால், குறைவான கண்ணி கொண்ட வழி ஏறத்தாழ 4 மடங்கு அதிக வாய்ப்புடையது. அதாவது ஆ-வில் கண்ணி இருக்கும் வாய்ப்பு 100க்கு 79. அ-வைத் தொட்டால் ஐந்தில் நான்கு முறை பிழைப்போம்.

பழைய படங்களை மறுபடி எடுத்தேன். அக்கா திருத்திய பின் மிஞ்சிய 8 "வழியில்லாத" தோல்விகளில் 3 இந்த வகை. அந்த மூன்றிலும் நான் ஆ-வைத்தான் தொட்டிருக்கிறேன். நடுவில் இருக்கிறதே, இரண்டு எண்ணையும் ஒரே தொடுதலில் தீர்த்துவிடலாமே என்ற ஆசையில்.

அதேபோல, மூன்று கட்டத்தில் ஒன்று கண்ணி என்று ஒரு இடம் கழுத்தைப் பிடித்தால், அங்கேயேதான் ஊகிக்க வேண்டும் என்றில்லை. யாரும் தொடாத தூரத்து மூலையில் ஆபத்து ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒன்றைவிட அது மேல்.

ஜூன் 20, காலை 6:30

நேற்று எழுதியதில் ஒரு நிபந்தனை விட்டுவிட்டேன். 4 மடங்கு என்பது பலகையில் வேறு மூடிய இடங்கள் நிறைய மிச்சம் இருக்கும்போது. ஆட்டத்தின் முடிவில் அப்படி இல்லை. கடைசியில் அந்த மூன்று கட்டம் மட்டும்தான் பாக்கி என்றால், மேலே இருக்கும் கண்ணி எண்ணிக்கையைப் பாருங்கள். 1 என்றால் ஆ. 2 என்றால் அ, இ. ஊகமே இல்லை.

அந்தச் சிவப்பு எண்ணை நான் 17 ஆண்டுக்கு முன்பும் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்கவில்லை. அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒரு எச்சரிக்கை: அது காட்டுவது 99இலிருந்து நீங்கள் வைத்த கொடிகளைக் கழித்த எண். கொடி தப்பாக இருந்தால் அதுவும் தப்பு.

ஜூன் 24, இரவு 11:30

"இவ்வளவு சின்ன விளையாட்டுக்கு இவ்வளவு யோசனையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சின்னது விதிகள் மட்டும்தான். விண்டோஸ் பதிப்பை எழுதியவர்கள் ராபர்ட் டோனரும் கர்ட் ஜான்சனும். 1990இல் விண்டோஸ் என்டர்டெயின்மென்ட் பேக்கில் வந்தது. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் எல்லாக் கணினிக்கும் போனது. பத்தாண்டு கழித்து அதை ஒரு கணிதச் சிக்கலாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2000இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கே, மைன்ஸ்வீப்பர் என்.பி. கம்ப்ளீட் என்று நிறுவினார். பலகையின் எண்களை வைத்தே கணினிச் சுற்றில் இருக்கும் கம்பி, லாஜிக் கேட் எல்லாம் கட்டிக் காட்டினார். அதாவது பலகை பெரிதாகப் பெரிதாக, எல்லாப் பலகைக்கும் பொருந்தும் வேகமான வழி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இரவு ஒரு மணிக்கு ஒரு கையால் இதை ஆடுகிறேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஜூன் 25, இரவு 10:15

திருத்தம். ரிச்சர்ட் கே எடுத்துக்கொண்ட கேள்வி, எண்கள் போட்ட ஒரு பலகையைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தும்படி கண்ணிகளை வைக்க முடியுமா என்பது. ஆடுபவரின் கேள்வி அது இல்லை. நம் பலகை பொருந்தும் என்று நமக்கு முன்பே தெரியும், கண்ணிகள் உள்ளே இருக்கின்றனவே. நாம் கேட்பது: உறுதியாகத் தீர்மானிக்கக்கூடிய கட்டம் ஒன்றாவது இருக்கிறதா? 2011இல் ஆலன் ஸ்காட், உல்ரிகே ஸ்டெகே, ஐரிஸ் வான் ரூய் மூவரும் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, அது கோ-என்.பி. கம்ப்ளீட் என்று காட்டினார்கள். அதுவும் கடினம்தான், வேறு மாதிரிக் கடினம்.

என் மனதில் நின்றது அந்தக் கேள்வியின் வடிவம். "இங்கே வழி இருக்கிறது" என்று காட்ட ஒரு கட்டத்தைச் சுட்டி, இரண்டு எண்ணை விளக்கினால் பெரும்பாலும் போதும். "எங்குமே வழி இல்லை" என்று சொல்ல வேண்டுமானால் பலகை முழுவதையும் பார்த்தாக வேண்டும். என் 18 தோல்வியும் அங்கேதான் நடந்தது. பார்க்காமலே இல்லை என்றேன்.

ஜூன் 28, மதியம் 2:20

ஊகமே தேவைப்படாத பலகைகள் உண்டு. சைமன் டாதம் எழுதிய புதிர்த் தொகுப்பில் உள்ள மைன்ஸ் அப்படிப்பட்டது. பலகையை உருவாக்கும்போதே நிரல் அதை ஆடிப் பார்த்து, தேங்கினால் கண்ணிகளை மாற்றி வைத்து, தர்க்கத்தால் மட்டுமே முடிக்கக்கூடியதாக ஆக்கித் தருகிறது. மூன்று நாளாக அதைத்தான் ஆடினேன்.

கேள்வி கேட்டவருக்கு இது நல்ல மருந்து. அங்கே தோற்றால் சாக்குச் சொல்ல ஆளில்லை. தேங்கி நின்றால் "எங்கேயோ இருக்கிறது" என்று தெரியும், தேடுவேன். ஒரு பலகையில் 20 நிமிடம் தேடினேன். மகள் தூங்கி எழுந்துவிட்டாள். பால் கொடுத்துக்கொண்டே கண்டுபிடித்தேன்: இரண்டு எண்ணை அல்ல, நான்கு எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம். அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

ஆனாலும் நேற்று இரவு பழையதற்கே திரும்பிவிட்டேன். ஊகமில்லாப் பலகையில் யாரோ எனக்கு முன்பே நடந்து பார்த்துவிட்டுப் பாதை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பழைய பலகை எதையும் சொல்வதில்லை. தேடுவதா, தேடலை நிறுத்திவிட்டு ஊகிப்பதா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பிடித்த கஷ்டம் அதுதான் என்று மூன்று நாள் விலகியிருந்த பிறகு தெரிகிறது.

ஜூலை 2, இரவு 9:00

போனிலிருந்து எலிக்கு மாறிவிட்டேன். மகள் இப்போது தொட்டிலில் ஒரு மணி நேரமாவது தூங்குகிறாள். விரல் தவறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

கொடி பற்றி: வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். 381 காலிக் கட்டத்தையும் திறந்தால் வெற்றி, கொடி ஒன்றுகூட வேண்டாம். நான் வைக்கிறேன், ஏனென்றால் எண்ணின் மேல் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி மிச்சத்தைத் திறப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் கொடி தப்பாக இருந்தால் அதே அழுத்தில் வெடிக்கும். சந்தேகம் இருக்கும் இடத்தில் கொடி வைப்பதை விட்டுவிட்டேன்.

ஜூலை 6, இரவு 11:55

இரண்டாவது 50 முடிந்தது. வென்றது 7. தோற்றது 43.

திறப்புக் கிடைக்கும் முன்பே போனது 11. மூலையில் தொடங்கியும் இவ்வளவு. இரண்டில் ஒரு முறை மூலை ஏமாற்றுகிறது, அடுத்த தொடுதலுக்குப் பாதுகாப்பு இல்லை. கை தவறியது 2. வழி இருந்தும் பார்க்காதது 12. உண்மையிலேயே ஊகிக்க வேண்டி வந்து தோற்றது 18.

கடைசி எண்ணைப் பாருங்கள். முதல் 50இல் திருத்தங்கள் எல்லாம் போக உண்மையான ஊகத் தோல்வி 8. இப்போது 18. அதிர்ஷ்டம் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டதா என்று முதலில் குழம்பினேன். அப்புறம் புரிந்தது. முன்பெல்லாம் அந்த இடங்கள் வரைக்கும் நான் போகவே இல்லை. பாதி வழியிலேயே என் தவறால் வெடித்துவிடும். இப்போது கடைசி மூலைவரை போகிறேன். அங்கேதான் அந்த இரண்டு கட்டங்கள் காத்திருக்கின்றன.

அதாவது ஆட்டம் மேம்பட மேம்பட, மிஞ்சும் தோல்விகளில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. மிகச் சிறந்த கணினி நிரல்களே பழைய விண்டோஸ் விதிப்படி எக்ஸ்பர்ட்டில் 10க்கு ஏறத்தாழ 4 பலகையைத்தான் முடிக்கின்றன. ஜூன் 3இல் கேள்வி கேட்டவர், "ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டம் மிஞ்சுகிறது" என்று எழுதியிருந்தார். அது உண்மையானால் அவர் என்னைவிட நன்றாக ஆடுகிறவர். ஜூன் 9இல் என் கணக்கை அவர் தலையில் போட்டது தப்பு. மன்னிக்கவும்.

ஜூலை 7, காலை 6:40

அந்த இரண்டு கட்டத்தைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அக்காவிடம் போனில் கேட்டேன். "சுத்தியும் எல்லாம் தொறந்தாச்சு, வெளியிலிருந்து எந்தத் தகவலும் உள்ள வராதுன்னா உடனே தொட்டுடு. கடைசில வெடிச்சாலும் வெடிச்சதுதான்." சரிதான். வெற்றி வாய்ப்பு இதனால் கூடாது, குறையாது. பத்து நிமிடம் மிச்சம். ஆனால் "எந்தத் தகவலும் வராது" என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அண்டையில் ஒரு கட்டம் மூடியிருந்தாலும் காத்திருப்பேன்.

ஜூலை 9, இரவு 10:20

நேரம் பற்றிக் கேட்டவருக்கு: என் சிறந்தது 412 நொடி. அக்காவின் 187ஐ நெருங்கவில்லை. பலகைக்குப் பலகை உழைப்பு மாறும் என்பதால் நேரத்தை மட்டும் ஒப்பிடுவதில்லை. த்ரீ-பி-வி என்று ஒரு அளவு உண்டு, ஸ்டெபான் பெக்டெல் பெயரில் வழங்குவது. கொடியில்லாமல் ஒரு பலகையை முடிக்கக் குறைந்தது எத்தனை இடது கிளிக் தேவை என்பது அது. திறப்புகள் நிறைய உள்ள பலகையில் குறைவு, எண்கள் நெருங்கியதில் அதிகம். அக்காவின் 187க்கு அந்த எண் தெரியவில்லை. தெரிந்தாலும் அவள்தான் முந்துவாள்.

ஜூலை 13, இரவு 1:05

இன்று ஒரு வெற்றி, 398 நொடி. முதல் முறையாகத் திரைப் பதிவை ஓடவிட்டு ஆடினேன். அக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்றுதான்.

அனுப்பும் முன் நானே ஓட்டிப் பார்த்தேன். 140ஆவது நொடியில் இடது ஓரத்தில் ஒரு கட்டத்தைத் தயங்காமல் திறக்கிறேன். ஆடும்போது அது 1-1, மூன்றாவது காலி என்று உறுதியாக இருந்தேன். பதிவில் நிறுத்திப் பார்த்தால் முதல் 1 தொடுவது இரண்டு மூடிய கட்டத்தை இல்லை, மூன்றை. அதன் மறுபக்கத்துக் கட்டம் திறந்திருப்பதாக நினைத்திருக்கிறேன். அது மூடியே இருந்தது. அங்கே எதுவும் உறுதியில்லை. தொட்டேன், பிழைத்தேன். 260ஆவது நொடியில் இன்னொன்று, அதே மாதிரி.

தோற்ற 91 ஆட்டத்தையும் படம் பிடித்து வரிவரியாகப் பார்த்தேன். வென்ற 9இல் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது 50ஐ நாளை தொடங்குகிறேன். எல்லாவற்றையும் பதிவு செய்து, வெற்றிகளை முதலில் பார்க்கப் போகிறேன். பதிவு அக்காவுக்குப் போய்விட்டது. இந்த நேரத்திலும் விழித்திருக்கிறாள். "140 வது செகண்ட்" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.